மூக்கைச் சின்னதாக்கச் சொன்ன ஆசிரியர்களுக்கு

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இருபத்திரண்டு வருடமாகத் தலையங்கப் பக்கத்தில் ஒரு கார்ட்டூன் கட்டத்துக்குள் குடியிருப்பவன் எழுதுகிறேன். உங்களில் சிலரிடம் வேலை பார்த்திருக்கிறேன். சிலர் என் படங்களை வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். இன்னும் சிலர் வாங்கிப் போடாமலே வைத்திருக்கிறீர்கள். இந்த மடல் முக்கியமாக அந்த மூன்றாவது வகைக்கு. மற்றவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

போன தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். அன்றைக்கு நான் வரைந்தது ரொம்பச் சாதாரணமான யோசனைதான். ஆட்சியில் இருக்கும் தலைவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஐந்து வருடத்துக்கு முந்தைய தேர்தல் அறிக்கை. அட்டையில் இருக்கும் வருடத்தை மட்டும் ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறார், நாக்கை லேசாக வெளியே நீட்டியபடி, பரீட்சை எழுதும் பையன் மாதிரி. வசனம் கிடையாது. சாயங்காலம் ஆறரைக்கு அனுப்பினேன்.

ஏழே காலுக்குப் போன். "சார், படம் பிரமாதம். மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிடலாமா? தேர்தல் நேரம் பாருங்க."

சின்னதாக்கினேன். அதுதான் என் முதல் தப்பு. அந்த மூக்கைப் பன்னிரண்டு வருடமாக வரைகிறேன். அந்த மனிதர் சட்டையை மாற்றினார், கண்ணாடியை மாற்றினார், கூட்டணியை நாலு தடவை மாற்றினார். மூக்கு மட்டும் அப்படியே இருந்தது. வாசகர் அவரை அடையாளம் கண்டுகொள்வதே அந்த மூக்கை வைத்துத்தான்.

ஏழு நாற்பதுக்கு இரண்டாவது போன். பின்னால் தெரியும் கொடியில் கலர் வேண்டாம், கறுப்பு வெள்ளையில் இருக்கட்டும். சரி, எடுத்தேன். எட்டு மணிக்கு மூன்றாவது. "எதிர்க்கட்சித் தலைவரையும் பக்கத்துல உட்கார வெச்சு, அவர் கையிலயும் ஒரு ரப்பர் குடுத்துடலாமா சார்? பேலன்ஸா இருக்கும்."

அவர் கட்சி ஆரம்பித்தே இரண்டு வருடம்தான் ஆகிறது, அழிப்பதற்கு அவரிடம் பழைய அறிக்கையே கிடையாதே என்றேன். "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார்" என்று பதில் வந்தது.

நான் முடியாது என்றேன். மறுநாள் அந்தக் கட்டத்தில், வாக்களிப்பது நம் கடமை என்று ஒரு பொதுநல விளம்பரம் வந்திருந்தது. அந்த விளம்பரத்திலும் ஒரு விரல் இருந்தது. நன்றாகத்தான் வரைந்திருந்தார்கள்.

இந்த 'பேலன்ஸ்' என்ற சொல்லைப் பற்றித்தான் பேச வந்தேன். செய்தியில் அது வேண்டும், சந்தேகமே இல்லை. ஒருவர் குற்றம் சாட்டினால் இன்னொருவரிடம் பதில் கேட்டுப் போடுவது செய்தியின் தர்மம். கார்ட்டூன் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. அது தலையங்கத்தின் தம்பி. உங்கள் தலையங்கத்தில் ஒரு பாராவில் ஆளும் கட்சியைத் திட்டிவிட்டு, அடுத்த பாராவில் அதே தப்பை, செய்யாத எதிர்க்கட்சி மீதும் சுமத்துவீர்களா? மாட்டீர்கள், பொய்யாகிவிடும். படத்தில் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? படத்தில் பொய் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைப்பதால்தானே. அந்த இரண்டாவது ரப்பர் அப்பட்டமான பொய். நடுநிலை என்ற பெயரில் அதை என் கையெழுத்தோடு அச்சேற்றச் சொன்னீர்கள்.

வாரத்துக்கு ஆறு படம், மூன்று இவருக்கு, மூன்று அவருக்கு என்று ரேஷன் கணக்கு போட்ட ஆசிரியரிடமும் இருந்திருக்கிறேன். வியாழக்கிழமை வந்தால் யாரை அடிப்பது என்று யோசிக்கவே வேண்டாம், முறை யாருடையதோ அவர். அன்றைக்கு அவர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார். அதனால் அவர் தொப்பையை வரைவேன். அந்த ஒரு வருடத்தில் நான் வரைந்த தொப்பைகளை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. விமர்சிக்க விஷயம் இல்லாதபோதுதான் கார்ட்டூனிஸ்ட் உடம்பைத் தேடிப் போகிறான்.

உங்களில் பலர் எனக்குச் சொல்லும் இன்னொரு யோசனை: "ஓட்டுப்பதிவு முடியட்டும் சார், அப்புறம் போட்டுக்கலாம்."

1884 அமெரிக்கத் தேர்தலை இங்கே சொல்லியாக வேண்டும். குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் பிளெய்ன், ஓட்டுப்பதிவுக்கு ஆறு நாள் முன்னால், அக்டோபர் 29 இரவு, நியூயார்க்கின் டெல்மோனிகோஸ் ஓட்டலில் பெரும் பணக்காரர்களோடு விருந்து சாப்பிட்டார். மறுநாள் காலை 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் முதல் பக்கத்தில், அகலம் முழுக்க, வால்ட் மெக்டூகல் வரைந்த படம். மேஜையைச் சுற்றிக் கோடீஸ்வரர்கள், தட்டுகளில் 'ஏகபோக சூப்', 'லாபி புட்டிங்'. மேஜைக்கு இந்தப் பக்கம் கந்தல் உடுத்திய ஒரு குடும்பம் கையேந்தி நிற்கிறது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள் அதைப் பெரிதாக்கி நியூயார்க் மாநிலமெங்கும் சுவர்களில் ஏற்றினார்கள். பதினொன்றரை லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த அந்த மாநிலத்தில் பிளெய்ன் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். அந்த மாநிலம் கையைவிட்டுப் போனதால் ஜனாதிபதி பதவியும் போனது.

படம்தான் அவரைத் தோற்கடித்தது என்று நான் மார்தட்டவில்லை. விருந்து நடந்த அதே நாளில், அவர் முன்னிலையில் ஒரு பாதிரியார் கத்தோலிக்கர்களைப் புண்படுத்தும்படி பேசிவைத்தார், அதற்கும் ஓட்டு போனது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் ஆகாது. நான் கேட்பது வேறு. அந்தப் படத்தை நவம்பர் 4 தேர்தல் தாண்டி ஐந்தாம் தேதி போட்டிருந்தால் அது என்னவாக இருந்திருக்கும்? ஓர் ஓட்டல் சாப்பாட்டின் படம். வரைந்தவன் திறமைசாலி என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பத்திரிகையின் முதலாளி யார் தெரியுமா? ஜோசப் புலிட்சர். அவர் பெயரில் கொடுக்கும் பரிசில் கார்ட்டூனுக்கென்று தனியாக ஒரு பிரிவு 1922 முதல் இருந்தது. 2021-ல் யாருக்கும் தரவில்லை. 2022-ல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டு, வேறு வகைப் படங்களோடு சேர்த்து ஒரே பிரிவாக்கிவிட்டார்கள். பரிசு போனது பெரிய துக்கமில்லை, எனக்கு எப்படியும் வரப்போவதில்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அதில் தெரிகிறது.

தேர்தல் காலத்தில் கேலி கூடாது என்று சட்டமே போட்டுப் பார்த்த நாடும் உண்டு. பிரேசிலின் 1997 தேர்தல் சட்டத்தில், பிரசார மாதங்களில் வானொலியும் டி.வி.யும் வேட்பாளரைக் கேலி செய்யும்படி வெட்டி ஒட்டிய ஒலி, காட்சித் துண்டுகளை ஒளிபரப்பக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. மற்ற மாதங்களில் கிண்டலடிக்கலாம். மக்கள் முடிவெடுக்க வேண்டிய மாதங்களில் மட்டும் கூடாது! 2010 ஆகஸ்ட்டில் நகைச்சுவைக் கலைஞர்கள் ரியோவின் கோபகபானா கடற்கரையில் ஊர்வலம் போனார்கள். சில நாளில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. 2018-ல் ஒரேயடியாக ரத்து செய்தது. அவ்வளவு போராடி நீக்க வேண்டியிருந்த ஒரு தடையை, சட்டமும் இல்லாமல் நீதிபதியும் இல்லாமல், ராத்திரி எட்டு மணிக்கு ஒரு போன் காலில் நீங்கள் எனக்குப் போட்டுவிடுகிறீர்கள்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். மேலே முதலாளி, பக்கத்தில் விளம்பரப் பிரிவு, வெளியே வழக்கு, தெருவில் கல். ஆட்சி மாறினால் யார் முகத்தில் விழிப்பது என்ற கணக்கு. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் கோபப்பட்டிருக்க மாட்டேன். "முதலாளிக்குப் பயமா இருக்கு, இந்தப் படம் வேண்டாம்" என்று ஒரே ஒருவர், ஒரே ஒரு தடவை, என்னிடம் சொல்லியிருக்கிறார். அவரை இன்றும் மதிக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் மூக்கு, கலர், இடப்பற்றாக்குறை என்றுதான் பேசினீர்கள். ஒரு தடவை 'கோடு கொஞ்சம் தடிமனாக இருக்கிறது' என்றுகூடக் காரணம் வந்தது.

முதலாளிகள் எல்லோரும் ஒரே அச்சு என்றும் சொல்ல முடியாது. லண்டன் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகைக்குக் கார்ட்டூனிஸ்ட் டேவிட் லோ போனது 1927-ல். முதலாளி பீவர்புரூக் பிரபு பழுத்த பழமைவாதி, லோ இடதுசாரிப் பக்கம் சாய்ந்தவர். தன் விருப்பப்படி வரையலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் லோ சேர்ந்தார். முதலாளியின் கொள்கையைக் கிண்டலடித்தார், முதலாளியையே குள்ளமாக, வாய் அகலச் சிரிப்பவராக வரைந்தார். அதுவும் அதே பத்திரிகையில் வந்தது. 1937-ல் ஜெர்மனி போன பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸிடம், லோவின் படங்களைப் பற்றி நாஜிகள் புகார் சொன்னார்கள். ஊர் திரும்பிய அமைச்சர் லோவையே கூப்பிட்டுப் பேசினார். லோ கொஞ்ச நாள் ஹிட்லர் முகத்தை நேராக வரையாமல், ஹிட்லரையும் முசோலினியையும் கலந்து 'மஸ்லர்' என்று ஒரு பாத்திரத்தை உண்டாக்கினார். வாய்ப்பூட்டு போடுகிறவன் என்று அர்த்தம். 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் பழைய முகமே திரும்பி வந்துவிட்டது. லோவும் ஒரு கட்டத்தில் மூக்கைச் சின்னதாக்கினார் என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல்.

இது சமீபத்துக் கதை: 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் கார்ட்டூனிஸ்ட் ஆன் டெல்னாஸ், டிரம்ப் சிலைக்கு முன்னால் பெரும் தொழிலதிபர்கள் பண மூட்டையோடு மண்டியிடுவதாக ஒரு படம் வரைந்தார். மண்டியிட்டவர்களில் அந்தப் பத்திரிகையின் முதலாளி ஜெஃப் பெசோஸும் ஒருவர். படம் வரவில்லை. அதே விஷயத்தில் ஏற்கெனவே ஒரு கட்டுரை வந்திருக்கிறது, இன்னொன்று வரப்போகிறது, திரும்பத் திரும்ப வேண்டாமே என்பதுதான் காரணம் என்றார் ஆசிரியர். 2025 ஜனவரியில் டெல்னாஸ் ராஜினாமா செய்தார். அந்த வருடப் புலிட்சர் பரிசு அவருக்குத்தான் போனது. படத்தைப் போட்டிருந்தால் ஒரு நாள் பேச்சோடு முடிந்திருக்கும். போடாததால் உலகம் முழுக்கப் பார்த்தது.

விழா மேடைகளில் நீங்கள் தவறாமல் சொல்லும் நேரு கதை ஒன்று உண்டு. 1948-ல் கார்ட்டூனிஸ்ட் சங்கரின் 'சங்கர்ஸ் வீக்லி' தொடக்க விழாவில், என்னையும் விட்டுவைக்காதீர்கள் சங்கர் என்று பிரதமரே சொன்ன கதை. நல்ல கதைதான். அதன் இரண்டாம் பாகத்தை ஒருவரும் மேடையில் சொல்வதில்லை. அந்த வார இதழ் 1975-ல், நெருக்கடி நிலைக் காலத்தில் மூடப்பட்டது. அதே வருடம் டிசம்பரில், தணிக்கை இருந்த நேரத்தில், 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் அபு ஆப்ரகாமின் படம் வந்தது: ஜனாதிபதி குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கதவு வழியாக நீட்டுகிறார். தணிக்கை இருந்தும் அந்தப் படம் அச்சேறியது. உங்கள் மேஜைக்கு எந்தத் தணிக்கை அதிகாரியும் வருவதில்லை.

எங்கள் பக்கத்து முன்னோடிகளைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு கார்ட்டூன் ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்பதை எந்தத் திருடனின் ஜாடை என்று வைத்துப் பிரித்துக்காட்டும் வகை நகைச்சுவை. சட்டமன்றம் கொதித்தது. மன்னிப்பு கேட்கச் சொன்னது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் கேட்கவில்லை. மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்மானம் போட்டார்கள், சிறைக்குப் போனார். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளில் விட்டார்கள். அவர் அதோடு விடாமல் கோர்ட்டுக்குப் போனார், ஆயிரம் ரூபாய் இழப்பீடும் வாங்கினார். ஆசிரியர்களே, சிறைக்குப் போனது யார் என்று கவனியுங்கள். வரைந்தவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. அட்டையில் ஏற்றியது நான் என்று நின்றார். கார்ட்டூனிஸ்டுகள் கூடும் இடத்தில் இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், படத்தைவிட அந்த நிற்றலைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம்.

இதற்கு நேர் எதிரானது 2019-ல் நடந்தது. 'நியூயார்க் டைம்ஸ்' சர்வதேசப் பதிப்பில், வெளியிலிருந்து வாங்கிப் போட்ட ஒரு படம் யூத வெறுப்பாக இருந்தது. கண்டனம் நியாயமானது. அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது ஓர் ஆசிரியர். இரண்டே மாதத்தில் பத்திரிகை எடுத்த முடிவு என்ன? சர்வதேசப் பதிப்பில் இனி அரசியல் கார்ட்டூனே கிடையாது. அந்தப் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத கார்ட்டூனிஸ்டுகள் பேட்ரிக் ஷப்பாட்டும் ஹெங்கும் வேலை இழந்தார்கள். தேர்ந்தெடுத்த கை ஒன்று, வெட்டுப்பட்ட விரல்கள் வேறு.

இவ்வளவு சொல்லிவிட்டு என் கார்ட்டூனிஸ்ட் ஜாதிக்காரர்களின் தப்பை மறைத்தால் நன்றாக இருக்காது. ஆசிரியர் தலையிடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சில வருடம் முன்னால், ஊழல் வழக்கில் சிக்கிய ஒரு வேட்பாளரை வரைந்தேன். அவர் கால் ஊனமுற்றவர். ஊன்றுகோலையே பணக் கட்டாக வரைந்திருந்தேன், பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்குள் ஒரு பெருமை. இரவுப் பணியில் இருந்த உதவி ஆசிரியை, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், போனில் கேட்டார்: "சார், இவர் பணம் வாங்கினதுக்கும் இவர் காலுக்கும் என்ன சம்பந்தம்?" எனக்கு வாயடைத்துப் போனது. அரை மணி நேரத்தில் வேறு படம் வரைந்து அனுப்பினேன். அவர் செய்தது எடிட்டிங். மூக்கைச் சின்னதாக்கச் சொன்னவர் செய்ததற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

சங்கர் 1949-ல் வரைந்த அம்பேத்கர் படமும் அப்படித்தான். அரசியல் சட்டம் தயாராகத் தாமதமாகிறது என்று நத்தை மேல் அம்பேத்கர், கையில் சாட்டையோடு நேரு. அறுபத்து மூன்று வருடம் கழித்து, பள்ளிப் பாடநூலில் இருந்த அந்தப் படத்துக்காக 2012-ல் நாடாளுமன்றமே நின்றுபோனது. அந்தப் படத்தைப் பாடநூலிலிருந்து நீக்கியது சரி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அம்பேத்கரின் பின்னால் சாட்டையைப் பார்த்தவர்களின் வலியை, கார்ட்டூன் ரசிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்குவதும் தவறு. சாட்டை என்றால் என்ன என்று வரைகிறவனைவிட வாங்கியவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். சாதி, நிறம், பெண் உடம்பு, ஊனம் இவற்றில் என் பேனா வழுக்கினால் தாராளமாக நிறுத்துங்கள், திட்டுங்கள். காரணம் சொல்லி நிறுத்துங்கள், அதுதான் நான் கேட்பது.

இந்தத் தேர்தலில் புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. என் பழைய படம் ஒன்றின் பலூனுக்குள் இருந்த வசனத்தை அழித்துவிட்டு, வேறு வசனம் எழுதி, என் கையெழுத்தை மட்டும் பத்திரமாக விட்டுவைத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டிருக்கிறார்கள். நான் யாரைக் கிண்டலடித்தேனோ அவருக்கு ஆதரவான படமாக அது மாறிவிட்டது. எழுத்துரு மட்டும் வேறு. என் கையெழுத்துப் பழகியவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். மூன்று பேர் போன் செய்து, விலைபோய்விட்டாயா என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம், தலைவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் செயற்கை நுண்ணறிவு வீடியோக்கள், மாட்டிக்கொண்டால் உடனே 'இது நையாண்டிங்க' என்ற சமாதானத்தோடு. நையாண்டி தன்னை ஒளித்துக்கொள்ளாது. யானை அளவு மூக்கு வரைந்தால், இது நிஜ மூக்கு இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். போலி வீடியோவின் வேலையே தெரியாமல் பார்த்துக்கொள்வது. இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டு, 'தேர்தல் முடியும் வரை எதுவும் வேண்டாம்' என்று நீங்கள் சொன்னால், லாபம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள். உங்களால் ஒரு சின்ன உதவி செய்ய முடியும். வெளியான ஒவ்வொரு படத்தையும் தேதியோடு உங்கள் இணையதளத்தில் எடுக்காமல் வைத்திருங்கள். போலி சுற்றினால், அசலைக் காட்டி இரண்டு வரி மறுப்புப் போடுங்கள். என்னுடைய மறுப்பை நூறு பேர் பார்ப்பார்கள், உங்களுடையதை லட்சம் பேர் பார்ப்பார்கள்.

மலேசியாவில் கார்ட்டூனிஸ்ட் ஸூனார் மீது ஒன்பது தேசத்துரோகக் குற்றச்சாட்டுகள் 2015-ல் போட்டார்கள். எல்லாம் நிரூபணமாகியிருந்தால் 43 வருடம் உள்ளே இருந்திருப்பார். 2018 மே மாதம் தேர்தலில் ஆட்சி மாறியது, ஜூலையில் வழக்குகளைக் கைவிட்டார்கள். அந்த மூன்று வருடமும் அவர் வரைவதை நிறுத்தவில்லை. எனக்கு அவ்வளவு துணிச்சல் இருக்கிறதா என்று தெரியாது. என்னிடம் யாரும் 43 வருடம் என்று சொன்னதில்லை. மூக்கு என்றுதான் சொன்னார்கள், அதற்கே ஒரு தடவை பணிந்துவிட்டேன்.

ஓட்டுப்பதிவுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தேர்தல் அறிவித்ததிலிருந்து நான் அனுப்பியதில் ஐந்து படங்கள் உங்கள் மேஜைகளில் தூங்குகின்றன. அவற்றில் இரண்டு சுமாரான படங்கள், விட்டுவிடுங்கள். மற்ற மூன்றும், ஆட்களும் வாக்குறுதிகளும் இருக்கிற இந்தப் பதினெட்டு நாளுக்குள் அர்த்தம் உள்ளவை. வேண்டாம் என்றால், ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வேறிடத்தில் கொடுத்துக்கொள்கிறேன்.

நாளைக்கும் வழக்கம்போல் ஆறரைக்குப் படம் வரும். மூக்கு பழைய அளவில் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் நாலாவது பக்கத்து ஆள்